உருளைக்கிழங்கு சிப்ஸ்ல என்னதான் இருக்கு? அடிக்கடி கேக்குற கேள்விகளும் பதிலும்

சிப்ஸ் பத்தி பேச்சு வந்தாலே ரெண்டு கட்சிதான். ஒண்ணு அது விஷம், தொடவே கூடாதுங்கும், இன்னொண்ணு கிழங்குதானே என்ன பண்ணிடப் போகுதுங்கும். ரெண்டு பேருமே பாக்கெட்டைத் திருப்பிப் பார்க்க மாட்டாங்க. சொந்தக்காரங்க, ஆபீஸ் ஃப்ரெண்ட்ஸ், பக்கத்து வீட்டு அக்கான்னு பல பேர் திரும்பத் திரும்பக் கேட்டதை எல்லாம் ஒரே இடத்துல போட்டுட்டேன். கீழ வர்ற நம்பர் எல்லாம் சாதா உப்பு சிப்ஸுக்கு சுமாரான கணக்கு, கம்பெனிக்குக் கம்பெனி, ஃப்ளேவருக்கு ஃப்ளேவர் கொஞ்சம் ஏறும் இறங்கும்.

100 கிராம் சிப்ஸ்ல என்ன என்ன இருக்கு?

கலோரி 530-லேருந்து 560 வரைக்கும். கொழுப்பு 32-லேருந்து 36 கிராம், மாவுச்சத்து 50 கிராம் சொச்சம், புரோட்டீன் 6, 7 கிராம், நார்ச்சத்து 4 கிராம் கிட்ட, சோடியம் 500-லேருந்து 700 மில்லிகிராம் (மசாலா ஃப்ளேவர்னா சிலதுல இன்னும் மேல போகும்), பொட்டாசியம் 1200 மில்லிகிராம் பக்கம். தண்ணி வெறும் 2 கிராம்தான். கடைசியா சொன்ன அந்தத் தண்ணிக் கணக்குதான் இதுல முக்கியமே, அடுத்த கேள்வில வருது.

சின்ன பாக்கெட் ஒண்ணு 25 கிராம்னு வச்சுக்கிட்டா 135, 140 கலோரி, எட்டு எட்டரை கிராம் எண்ணெய். ஆனா உங்க கையில இருக்குற பாக்கெட்ல எத்தனை கிராம்னு பார்த்துக்கோங்க, ஏன்னா விலையை ஏத்தாம கிராமைக் குறைக்கிறது இந்தத் தொழில்ல ரொம்ப நாளா நடக்குற விஷயம்.

பச்சை உருளைக்கிழங்குல 100 கிராமுக்கு 77 கலோரிதானே? அது எப்படி 550 ஆச்சு?

இதுக்கு பதில் வேணும்னா ஏதாவது ஒரு ஹாட் சிப்ஸ் கடை முன்னாடி பத்து நிமிஷம் நின்னா போதும். எங்க கோயம்புத்தூர்ல தெருவுக்கு ஒண்ணு இருக்கு. மாஸ்டர் சீவுகட்டையைக் கடாய்க்கு மேல பிடிச்சு நேரா எண்ணெய்க்குள்ளயே சீவி விடுவார், உடனே சடசடசடன்னு பொங்கும் பாருங்க, அவ்ளோ நுரையும் எண்ணெய் கொதிக்கிறதால வர்றது இல்ல, கிழங்குல இருக்குற தண்ணி ஆவியாகி வெளிய ஓடி வர்றது. அப்புறம் ஒரு சின்ன டம்ளர்ல உப்புத்தண்ணி எடுத்து அப்படியே ஊத்துவார், மறுபடியும் ஒரு பெரிய பொங்கல், தண்ணி ஆவியாகிடும் உப்பு மட்டும் துண்டுல ஒட்டிக்கும். கொஞ்ச நேரத்துல சத்தம் அடங்கிடும். மாஸ்டர் கடிகாரம் எல்லாம் பார்க்கிறது இல்ல, அந்தச் சத்தத்தைத்தான் கேட்டுட்டு இருக்கார், சத்தம் நின்னா தண்ணி தீர்ந்துச்சுன்னு அர்த்தம், சாரணியை விட்டு அள்ளிடுவார்.

பச்சைக் கிழங்குல கிட்டத்தட்ட 80 சதவீதம் தண்ணி. அது மொத்தமும் போயிடுது, போன இடத்துல எண்ணெய் வந்து உக்காந்துடுது. ஒரு கிலோ சிப்ஸ் வேணும்னா மூணரை நாலு கிலோ கிழங்கு வேணும். 100 கிராம் சிப்ஸ்ல 320 கிராம் போல பச்சைக் கிழங்கோட சாரம் இருக்கு, அதோட கலோரி சுமார் 245. கூடவே 34 கிராம் எண்ணெய், கிராமுக்கு 9 கலோரின்னா 306. கூட்டிப் பாருங்க 550 வந்துடும். அதாவது சிப்ஸோட கலோரில பாதிக்கு மேல எண்ணெய்தான், கிழங்கு மேல பழி போட்டு பிரயோஜனம் இல்ல. அதே 320 கிராம் கிழங்கை வேக வச்சு வச்சா மூணு நடுத்தரக் கிழங்கு, ஒரே ஆள் முழுசா சாப்பிடுறது கஷ்டம். சிப்ஸா குடுத்தா பேசிக்கிட்டே காலி பண்ணிடுவோம்.

எண்ணெய் எந்த நேரத்துல உள்ள போகுது? குறைக்க வழி இருக்கா?

எண்ணெய்ல முங்கிக் கிடக்கும்போதுதான் குடிக்கும்னு எல்லாரும் நினைப்போம். அந்த நேரத்துல ஆவி உள்ளேருந்து வெளிய தள்ளிக்கிட்டே இருக்கும், அதை எதிர்த்து எண்ணெயால பெருசா உள்ள போக முடியாது. வெளிய எடுத்த உடனேதான் விஷயம் நடக்குது. சூடு தணியத் தணிய உள்ள இருக்குற ஆவி சுருங்கும், அந்த ஓட்டைங்க மேல ஒட்டிக்கிட்டு இருக்குற எண்ணெயை உள்ள இழுத்துக்கும். அதனால சூடா இருக்கும்போதே நல்லா உதறி வடிச்சா எண்ணெய் கணிசமா குறையும், ஆற விட்டு அப்புறம் டிஷ்யூல ஒத்துறது லேட்.

துண்டு தடிமனா இருந்தாலும் எண்ணெய் கம்மிதான், மெலிசா சீவினா எடைக்கு மேற்பரப்பு அதிகம், அவ்ளோ குடிக்கும். எண்ணெய் காயாம போட்டாலும் ஊறி நிக்கும், இது எல்லா அம்மாவுக்கும் தெரிஞ்ச விஷயம். மாவு அதிகமா தண்ணி கம்மியா இருக்குற கிழங்குன்னா ஆவியாகி வெளிய போறதே கம்மி, அதனால எண்ணெய் உள்ள வர்ற இடமும் கம்மி. கம்பெனிக்காரங்க கிழங்கு வகையில அவ்ளோ கறாரா இருக்குறதுக்கு இதுவும் ஒரு காரணம்.

சத்து எல்லாம் வறுத்ததுல போயிடுமா?

முழுசா போகாது, இது நிறைய பேருக்கு ஆச்சரியமா இருக்கும். பொட்டாசியம் ஒரு தாது, சூட்டுல எங்கயும் போகாது, தண்ணி போனதால செறிஞ்சுதான் நிக்கும். விட்டமின் சி கொஞ்சம் அழியும், ஆனா வறுக்குறது ரெண்டு மூணு நிமிஷ வேலைங்கறதால ஓரளவு மிஞ்சும். புரோட்டீன் 7 கிராம்னு போட்டிருக்கறதும் பொய் இல்ல.

அதுக்காக யாராவது விட்டமின் சிக்காக சிப்ஸ் சாப்பிடுறேன்னு சொன்னா சிரிச்சுட்டு ஒரு நெல்லிக்காயைக் கையில குடுத்துடுங்க.

உப்பு ரொம்ப அதிகமாச்சே?

அதிகம்தான், ஆனா நாக்குல படுற அளவுக்கு இல்ல. சிப்ஸ்ல உப்பு மேலாப்புல ஒட்டி இருக்கு, நேரா நாக்குல படும், அதனால கரிக்கிற மாதிரி தெரியும். பேக்கரி பிரெட்ல 100 கிராமுக்கு கிட்டத்தட்ட 450, 500 மில்லிகிராம் சோடியம் இருக்கும், யாரும் பிரெட்டை உப்புன்னு சொல்றது இல்ல, ஏன்னா அது மாவுக்குள்ள ஒளிஞ்சு கிடக்கு. ஊறுகாய், அப்பளம், கருவாடு இதெல்லாம் சிப்ஸைத் தூக்கிச் சாப்பிட்டுடும்.

உலக சுகாதார நிறுவனம் சொல்றது பெரியவங்களுக்கு ஒரு நாளைக்கு 2000 மில்லிகிராம் சோடியத்துக்குள்ள, அதாவது 5 கிராம் உப்பு, ஒரு டீஸ்பூன். 50 கிராம் சிப்ஸ் சாப்பிட்டா அதுல 15 சதவீதம் போல போயிடுது. தனியா பார்த்தா சின்ன விஷயம்தான், ஆனா நம்ம வீட்டு சாம்பார், ரசம், சட்னி, ஊறுகாய்லயே அந்த ஒரு டீஸ்பூன் முடிஞ்சு போயிருக்கும், சிப்ஸ் வர்றது அதுக்கு மேல. தயிர் சாதத்துக்கு சைட் டிஷ்ஷா சிப்ஸ் வச்சுக்கிறவங்க (நானும்தான்) சாதத்துல போடுற உப்பையாவது குறைச்சுக்கலாம்.

பாமாயில்ல போட்டா என்ன, சூரியகாந்தில போட்டா என்ன? எல்லாம் எண்ணெய்தானே?

கலோரில ஒரு வித்தியாசமும் கிடையாது, எந்த எண்ணெயா இருந்தாலும் கிராமுக்கு 9தான், செக்கு எண்ணெயா இருந்தாலும் 9தான். கொழுப்பு எந்த வகைங்கறதுலதான் வித்தியாசம். பாமோலின்ல 40 சதவீதத்துக்கு மேல சாச்சுரேட்டட் கொழுப்பு (ரத்தத்துல கெட்ட கொலஸ்ட்ராலை ஏத்துற வகை), சூரியகாந்தில 11 கிட்ட, கடலெண்ணெய், தவிட்டெண்ணெய் ரெண்டும் 20 பக்கம், தேங்காயெண்ணெய் 80 தாண்டி. 100 கிராம் சிப்ஸ்ல 34 கிராம் எண்ணெய்னா, பாமோலின்ல பொரிச்சதுல 14, 15 கிராம் சாச்சுரேட்டட், சூரியகாந்தில பொரிச்சதுல 4 கிராமுக்குள்ள. நம்ம ஊர் லேபிள் கணக்குல ஒரு நாளைக்கு 22 கிராம்தான் வரம்பு. ஆக ஒரே மாதிரி தெரியுற ரெண்டு சிப்ஸ், இதுல மட்டும் நாலு மடங்கு வித்தியாசம்.

பின்ன ஏன் பாமோலின்னு கேட்டா, விலை கம்மி, சூட்டைத் தாங்கும், சீக்கிரம் சிக்கு வாடை அடிக்காது, பாக்கெட் மாசக்கணக்குல கடையில தொங்கணும்ல.

பாக்கெட்ல "கொலஸ்ட்ரால் இல்லை"ன்னு பெருசா போட்டிருந்தா அதைப் பார்த்து சந்தோஷப்படாதீங்க. கொலஸ்ட்ரால் விலங்குல இருந்து வர்ற பொருள்லதான் இருக்கும், தாவர எண்ணெய் எதுலயும் சொல்ற அளவுக்குக் கிடையாது. இல்லாத ஒண்ணை இல்லைன்னு சொல்றாங்க, அவ்ளோதான்.

கடை ஹாட் சிப்ஸ் நல்லதா, பாக்கெட் சிப்ஸ் நல்லதா?

கடையில கண்ணு முன்னாடி போடுறாங்க, கிழங்கு, உப்பு, மிளகாப்பொடி, எண்ணெய் தவிர வேற ஒண்ணும் இல்ல, அது நல்ல விஷயம். ஆனா என்ன எண்ணெய், எத்தனை நாள் எண்ணெய், எவ்ளோ உப்புன்னு கேட்டா பதில் கிடையாது. பாக்கெட்ல ஃப்ளேவர் பவுடர் அது இதுன்னு லிஸ்ட் நீளமா இருக்கும், ஆனா எல்லாம் எழுத்துல இருக்கு. சத்து கணக்குல ரெண்டும் அண்ணன் தம்பிதான்.

திரும்பத் திரும்பக் காய்ச்சுற எண்ணெய்தான் கடையில நிஜமான பிரச்சனை. காயக் காய எண்ணெய் உடைஞ்சு போலார் காம்பவுண்ட்ஸ்னு சில பொருள் சேரும், அது 25 சதவீதம் தாண்டினா அந்த எண்ணெயைச் சமையலுக்குப் பயன்படுத்தக் கூடாதுன்னு எஃப்எஸ்எஸ்ஏஐ (நம்ம நாட்டு உணவுப் பாதுகாப்பு ஆணையம்) 2018 ஜூலை 1-லேருந்து விதி வச்சிருக்கு. அளக்குறதுக்கு மீட்டரும் இருக்கு. நம்மகிட்ட மீட்டர் இல்ல, கண்ணும் மூக்கும் இருக்கு. எண்ணெய் காப்பி கலர்ல இருக்கா, கெட்டியா வழவழன்னு ஒழுகுதா, சிப்ஸ் எடுத்ததுக்கு அப்புறமும் ஓரத்துல நுரை அடங்காம நிக்குதா, ஒண்ணுமே போடாமலே புகையுதா. இதுல ரெண்டு இருந்தா அடுத்த கடைக்குப் போயிடுங்க. கூட்டம் இருக்குற கடையில வாங்குறது நல்லதுன்னு பெரியவங்க சொல்றதுல அர்த்தம் இருக்கு, பொரியுற கிழங்கு ஒவ்வொண்ணும் எண்ணெயைக் குடிச்சுட்டுப் போறதால புது எண்ணெய் ஊத்திக்கிட்டே இருந்தாகணும்.

ட்ரான்ஸ் ஃபேட் பத்தியும் கேக்குறாங்க. அது பெரும்பாலும் வனஸ்பதி மாதிரி கெட்டியாக்கின கொழுப்புல வர்றது. எண்ணெய், கொழுப்பு ரெண்டுலயும் 2 சதவீதத்துக்கு மேல இருக்கக் கூடாதுன்னு 2022 ஜனவரிலேருந்து இங்க சட்டம். பாக்கெட் சிப்ஸ்ல இப்ப அது பெரிய கவலை இல்ல.

அக்ரிலமைடுன்னு ஒண்ணு இருக்காம், கேன்சர் வருமாமே?

இதைக் கொஞ்சம் விவரமா சொல்லணும், ஏன்னா வாட்ஸப்ல பாதிக் கதைதான் வருது.

1997-ல ஸ்வீடன்ல ஹாலண்ட்சோஸ்னு ஒரு மலைக்குள்ள ரயில் சுரங்கம் தோண்டிட்டு இருந்தாங்க. பாறை இடுக்குல தண்ணி ஒழுகுறதை அடைக்க அக்ரிலமைடு கலந்த ஒரு பொருளை உள்ள செலுத்துனாங்க, அது சரியா இறுகாம ஓடைத் தண்ணில கலந்துடுச்சு. மீன் செத்துச்சு, அந்தத் தண்ணியைக் குடிச்ச மாடுங்க நிக்க முடியாம விழுந்துச்சு. வேலை செஞ்சவங்க உடம்புல எவ்ளோ ஏறியிருக்குன்னு ரத்தத்தை டெஸ்ட் பண்ணாங்க, ஒப்பிட்டுப் பார்க்குறதுக்காக சுரங்கப் பக்கமே போகாத ஆளுங்க ரத்தத்தையும் எடுத்தாங்க. பார்த்தா அவங்க ரத்தத்துலயும் அக்ரிலமைடோட அடையாளம் இருக்கு! எங்கேருந்து வந்துச்சுன்னு தேடிப் போனதுலதான் சாப்பாட்டுலேருந்துன்னு தெரிஞ்சுச்சு, 2002 ஏப்ரல்ல ஸ்டாக்ஹோம் யுனிவர்சிட்டி ஆளுங்களும் அந்த நாட்டு உணவுத் துறையும் அறிவிச்சாங்க. சிப்ஸ், ஃப்ரெஞ்ச் ஃப்ரைஸ் எல்லாம் லிஸ்ட்ல மேல இருந்துச்சு.

யாரும் இதைக் கலக்குறது இல்ல. கிழங்குலயே அஸ்பராஜின்னு ஒரு அமினோ அமிலம் இருக்கு, கொஞ்சம் சர்க்கரையும் இருக்கு, 120 டிகிரிக்கு மேல தண்ணி இல்லாத சூட்டுல ரெண்டும் சேர்ந்தா அக்ரிலமைடு வருது. வேக வச்சா வராது, ஏன்னா தண்ணி 100 டிகிரியைத் தாண்டாது. சிப்ஸுக்கு அந்த நிறமும் வாசனையும் குடுக்குற அதே ரியாக்ஷன்தான் இது, அதனால முழுசா ஒழிக்கவும் முடியாது.

கேன்சர் விஷயத்துக்கு வருவோம். உலக சுகாதார நிறுவனத்தோட கேன்சர் ஆராய்ச்சி அமைப்பு 1994-லயே இதை 2ஏ பிரிவுல வச்சிருக்கு, "அநேகமா வரவழைக்கலாம்"ங்கற பிரிவு. எலி மாதிரி பிராணிகளுக்குப் பெரிய அளவுல குடுத்து வந்த முடிவு அது. மனுஷங்க சாப்பாட்டை வச்சு நடந்த ஆய்வுகள்ல அவ்ளோ தெளிவா, ஒரே மாதிரி முடிவு கிடைக்கல. 65 டிகிரிக்கு மேல கொதிக்கக் கொதிக்க குடிக்கிற பானமும் இதே 2ஏதான், டம்ளர் சூட்டுல கை பொத்துப்போற டீயை ஊதி ஊதிக் குடிக்கிறவங்க அதுக்காகப் பதறுறது இல்ல. அலட்சியமும் வேண்டாம், பயமும் வேண்டாம், குறைக்கிற வழியைப் பார்க்கலாம்.

ஐரோப்பால 2018 ஏப்ரல்லேருந்து சிப்ஸ்ல கிலோவுக்கு 750 மைக்ரோகிராம்ங்கறதை அளவுகோலா வச்சிருக்காங்க, தாண்டினா கம்பெனி தன் முறையை மாத்தியாகணும். நம்ம நாட்டுல சிம்லால இருக்குற மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையம் 1998-ல குஃப்ரி சிப்சோனான்னு ரகம் வெளியிட்டாங்க, பேருலயே சிப்ஸ் இருக்கு, அதுல அந்தச் சர்க்கரை கம்மி, அதனால கருகாது.

வீட்டுல போடுறவங்களுக்கு: கிழங்கை ஃப்ரிட்ஜ்ல வைக்காதீங்க, குளிர்ல மாவு சர்க்கரையா மாறிடும், வறுத்தா உடனே கருத்துடும். மேட்டுப்பாளையம் மண்டிக்கு நீலகிரி, கோலார், குஜராத்னு கிழங்கு வருது. இதுல கடுங்குளிர் கோல்ட் ஸ்டோரேஜ்ல மாசக்கணக்குல கிடந்த கிழங்கு எதுவா இருந்தாலும் வாங்கிட்டு வந்து சீவிப் போட்டா செவந்து கருகுறது இதனாலதான், உங்க கைப்பக்குவத்துல குறை இல்ல. சீவின துண்டை கால் மணி நேரம் தண்ணில போட்டு ரெண்டு தடவை அலசி, துணில நல்லா ஈரம் போக ஒத்தி எடுத்துட்டுப் போடுங்க. எண்ணெய் 175 டிகிரிக்கு மேல போக வேண்டாம். பொன்னிறத்துல எடுத்துடுங்க. பாக்கெட்ல கருத்த துண்டு இருந்தா அதைத் தூக்கிப் போடுங்க, அதுக்குத்தான் வீட்டுல அடிச்சுக்கிறாங்கன்னு தெரியும், இருந்தாலும் சொல்றேன்.

ஒண்ணு எடுத்தா நிறுத்தவே முடியலயே, ஏன்?

உங்க மனசு பலவீனம்னு நினைச்சுக்க வேண்டாம், அது செய்யப்பட்ட விதமே அப்படி. 1995-ல சிட்னி யுனிவர்சிட்டில ஒரு ஆய்வு, 38 வகை சாப்பாட்டை எல்லாத்தையும் 240 கலோரி அளவுக்குக் குடுத்து ரெண்டு மணி நேரம் வயிறு எவ்ளோ நிறைஞ்ச மாதிரி இருக்குன்னு கேட்டாங்க. வெள்ளை பிரெட்டை 100னு வச்சா வேக வச்ச உருளைக்கிழங்கு 323, லிஸ்ட்லயே முதலிடம். அதே கிழங்கு சிப்ஸானா 91, பிரெட்டை விடக் கீழ. தண்ணி போயிடுச்சு, எடை போயிடுச்சு, வயித்துல இடம் அடைக்கிற எதுவும் மிச்சமில்ல, கலோரி மட்டும் நிக்குது.

வாயில வச்சா நொறுங்கி உடனே கரைஞ்சுடும், மெல்லுற வேலையும் கம்மி, மூளைக்கு போதும்னு செய்தி போறதுக்குள்ள பாக்கெட் அடி தெரிஞ்சுடும். மொறுமொறு சத்தத்துக்கும் பங்கு உண்டு. சிப்ஸ் கடிக்கிற சத்தத்தை மைக்ல எடுத்து, கூட்டி ஹெட்ஃபோன்ல கேக்க வச்சா அதே சிப்ஸை "ஃப்ரெஷ்ஷா இருக்கு"ன்னு சொன்னாங்களாம், ஆக்ஸ்ஃபோர்ட்ல நடந்த இந்த ஆய்வுக்கு 2008-ல இக் நோபல் பரிசு குடுத்தாங்க, சிரிக்க வச்சு யோசிக்க வைக்கிற ஆராய்ச்சிக்குக் குடுக்குற பரிசு.

சிப்ஸ் சாப்பிட்டா வெயிட் போடுமா?

போடும், ஆனா ஒரு பாக்கெட்ல இல்ல, பழக்கத்துல. அமெரிக்கால ஹார்வர்ட் ஆளுங்க ஒரு லட்சத்து இருபதாயிரம் பேரை வருஷக்கணக்குல கவனிச்சு 2011-ல ஒரு கணக்கு வெளியிட்டாங்க. தினசரி சாப்பாட்டுல எது ஒரு அளவு கூடினா நாலு வருஷத்துல எவ்ளோ எடை கூடுதுன்னு பார்த்தா முதல்ல நின்னது சிப்ஸ்தான், முக்கால் கிலோ சொச்சம். சிப்ஸ் மட்டுமே காரணம்னு அந்த மாதிரி ஆய்வு நிரூபிக்காது, சிப்ஸ் சாப்பிடுறவங்க கூடவே கூல்டிரிங்ஸ், டிவின்னு வேற பழக்கமும் வச்சிருப்பாங்க, அதையெல்லாம் கழிச்சுப் பார்க்க முயற்சி பண்ணியும் சிப்ஸ் மேலதான் நின்னுச்சு.

சுகர் இருக்குறவங்க?

இங்க ஒரு குழப்பம் இருக்கு. சிப்ஸோட கிளைசெமிக் இண்டெக்ஸ் (சாப்பிட்டதும் ரத்தத்துல சர்க்கரை எவ்ளோ வேகமா ஏறுதுங்கற அளவு) 56 கிட்ட, வேக வச்ச கிழங்கு 78. அதைப் பார்த்துட்டு வேக வச்சதை விட சிப்ஸ் நல்லதுன்னு ஒருத்தர் சீரியஸா வாதாடுனார். கொழுப்பு சேர்ந்தா வயிறு மெதுவா காலியாகும், சர்க்கரை மெதுவா ஏறும், அதனாலதான் அந்த நம்பர் கம்மி. மாவுச்சத்து எங்கயும் போகல, 100 கிராம்ல 50 கிராம் இருக்கு, ரத்தத்துல ஏற ஆரம்பிக்கும்போது நீங்க சாப்பிட்டதையே மறந்திருப்பீங்க. சுகரோட இதயப் பிரச்சனை பயமும் சேர்ந்தே வர்றதால உப்பும் சாச்சுரேட்டட் கொழுப்பும் தனிக் கவலை. கொஞ்சமா, சாப்பாட்டோட சேர்த்து, அந்த வேளை சோத்தைக் குறைச்சுக்கிட்டு சாப்பிட்டா ஒண்ணும் குடி முழுகிடாது. பசிக்கும்போது தனியா பாக்கெட்டைப் பிரிக்காதீங்க.

பிபி, கிட்னி?

பிபிக்கு உப்பு, அது மேலயே சொல்லியாச்சு.

கிட்னி பிரச்சனைல பொட்டாசியம் குறைக்கச் சொல்லியிருந்தா சிப்ஸை விட்டுடுங்க. கிழங்கை நறுக்கி நிறைய தண்ணில வேக வச்சு வடிச்சா பொட்டாசியம் கொஞ்சம் தண்ணியோட போகும், அதனால டாக்டர் அப்படி சாப்பிடச் சொல்லுவார். சிப்ஸ்ல அந்த வழியே கிடையாது, பொட்டாசியம் அப்படியே செறிஞ்சு கிடக்கு, மேல சோடியம் வேற.

குழந்தைங்களுக்கு எப்பலேருந்து குடுக்கலாம்?

ஒரு வயசுக்குள்ள உப்பே தேவையில்ல, சிப்ஸ் பேச்சே வேண்டாம். நாலு வயசு வரைக்கும் கெட்டியான கூரான துண்டு தொண்டைல மாட்டுற ஆபத்தும் இருக்கு. அதுக்கு மேல எப்பயாவது குடுக்குறதுல தப்பில்ல, அழுகையை நிறுத்த குடுக்குறதுதான் தப்பு, அழுதா சிப்ஸ் வரும்னு ரெண்டே நாள்ல கத்துக்கும். இன்னொண்ணு, குழந்தை வயிறு சின்னது, சாயங்காலம் 25 கிராம் பாக்கெட் ஒண்ணு முழுசா போனா ராத்திரி இட்லி இறங்காது, அந்த இட்லில இருந்த புரோட்டீன், சாம்பார்ல இருந்த பருப்பு, காய் எல்லாம் அன்னைக்கு லாஸ்.

ஸ்கூல் கேன்டீன்லயும், கேட்லேருந்து 50 மீட்டருக்குள்ளயும் கொழுப்பு, உப்பு, சர்க்கரை அதிகம் உள்ளதை விக்கக் கூடாதுன்னு 2020-லயே எஃப்எஸ்எஸ்ஏஐ விதி இருக்கு. நம்ம ஊர் ஸ்கூல் வாசல்ல நின்னு பார்த்தா அந்த 50 மீட்டரை யாரு அளக்குறாங்கன்னு தோணும்.

பேக்டு சிப்ஸ், டப்பால அடுக்கி வர்ற சிப்ஸ், ஏர் ஃப்ரையர்ல போட்டது?

பேக்டுல கொழுப்பு பாதியாகும், 15-லேருந்து 18 கிராம் போல, ஆனா மாவுச்சத்து 70 வரைக்கும் ஏறிடும், கலோரி 450 பக்கம். நூறு கலோரி மிச்சம், சரி, ஆனா "பேக்டுதானே"ன்னு ரெண்டு மடங்கு சாப்பிட்டா எல்லாம் போச்சு. அடுப்புல ரொம்ப காய்ஞ்சா அக்ரிலமைடும் வரும்.

டப்பால ஒண்ணு மேல ஒண்ணா ஒரே வளைவுல அடுக்கி வர்றது சீவின கிழங்கே இல்ல. காய்ஞ்ச உருளைக்கிழங்கு மாவோட வேற மாவு, ஸ்டார்ச் எல்லாம் பிசைஞ்சு தேய்ச்சு வெட்டிப் பொரிக்கிறது. அந்த பிராண்ட் ஒண்ணு உருளைக்கிழங்கு சிப்ஸா இல்லையான்னு இங்கிலாந்துல வரி கேஸே நடந்து 2009-ல கோர்ட் சிப்ஸ்தான்னு சொல்லி வரி கட்ட வச்சுது.

வீட்டு ஏர் ஃப்ரையர்ல ரெண்டு ஸ்பூன் எண்ணெய் தடவிப் போட்டா உண்மையாவே எண்ணெய் கம்மி. ருசி? கடாய் சிப்ஸ் மாதிரி வராது, சும்மா ஆசை காட்ட மாட்டேன்.

நேந்திரங்காய் சிப்ஸ், மரவள்ளி சிப்ஸ் உடம்புக்கு நல்லதுதானே?

கேரளா எல்லைல இருக்குறதால இதை எங்ககிட்ட நிறைய கேப்பாங்க. தேங்காயெண்ணெய்ல பொரிச்ச வாழைக்காய் சிப்ஸ் 100 கிராமுக்கு 520 கலோரி, கொழுப்பு 33, அதுல சாச்சுரேட்டட் மட்டுமே 29 கிராம். ஒரு நாள் வரம்பு 22னு சொன்னேன்ல. மரவள்ளியும் பொரிச்சா கலோரில இதே வகையறாதான். பாரம்பரியம்ங்கறது எண்ணெயைக் குறைக்காது. முறுக்கு, தட்டை, மிக்சரும் 500 கலோரி கிட்டதான் நிக்கும், ஆனா அதுல கடலை மாவு, உளுந்து இருக்குறதால புரோட்டீன் கொஞ்சம் பரவாயில்ல, மெல்லவும் நேரம் ஆகும்.

கொளுத்துனா எரியுதே, பிளாஸ்டிக் கலக்குறாங்களா? பாக்கெட்ல போட்டிருக்குற சேர்மான நம்பர் ஐஎன்எஸ் 631 பன்னிக் கொழுப்பாமே?

மூணுல ஒரு பங்கு எண்ணெய், பாதி காய்ஞ்ச மாவு, தண்ணியே இல்ல, எரியாம என்ன பண்ணும்? திரி மாதிரி எரியும். நம்ம வீட்டு அப்பளத்தைப் பொரிச்சு கொளுத்திப் பாருங்க, அதுவும் எரியும்.

631 சுவை தூக்கிக் குடுக்குற ஒரு உப்பு, டைசோடியம் இனோசினேட். இறைச்சி, மீன்லேருந்தும் எடுக்கலாம், மரவள்ளி மாதிரி மாவை நொதிக்க வச்சும் எடுக்கலாம். நம்ம நாட்டுல பால் பொருள் மாதிரி சிலது தவிர, விலங்குலேருந்து வந்த பொருள் இருந்தா அசைவக் குறி போட்டாகணும், பச்சைப் புள்ளி இருந்தா தாவர வழி. அதுக்கு மேல வாட்ஸப் ஃபார்வர்டை நம்ப வேண்டியதில்ல.

அப்ப எவ்ளோ சாப்பிடலாம்? வேற எதை வச்சுக்கலாம்?

தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல குடுத்த வழிகாட்டில 2000 கலோரி சாப்பாட்டுக்கு எண்ணெய், நெய் எல்லாம் சேர்த்து 27 கிராம். 100 கிராம் சிப்ஸ்ல 34, அன்னைக்குத் தாளிக்கக் கூட எண்ணெய் மிச்சம் இல்ல. 25, 30 கிராமை ஒரு கிண்ணத்துல கொட்டிக்கிட்டு பாக்கெட்டை மூடி வச்சுட்டு, வாரத்துக்கு ஒண்ணு ரெண்டு தடவைன்னா ஆரோக்கியமா இருக்குற ஆளுக்கு நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். கிண்ணம்தான் முக்கியம், பாக்கெட்டோட உக்காந்தா கணக்கு காலி.

மாத்தா வேர்க்கடலை சொல்லுவேன், அதுல கலோரி 567, சிப்ஸை விட அதிகம்! ஆனா புரோட்டீன் 25 கிராம், கொழுப்புல பெரும்பகுதி நல்ல வகை, ஒரு கைப்பிடில வயிறு நிக்கும். கொண்டைக்கடலை சுண்டல் 100 கிராமுக்கு 165 கலோரி கிட்ட, தாளிப்பு சேர்த்தா கொஞ்சம் கூடும், நார்ச்சத்து 7 கிராமுக்கு மேல. மொறுமொறுன்னுதான் வேணும்னா பொரியோட பொட்டுக்கடலை, வெங்காயம், கொஞ்சம் எலுமிச்சை.

சில சிப்ஸ் ஓரம் பச்சையா இருக்கே, சாப்பிடலாமா?

வெயில் பட்டுப் பச்சையான கிழங்கு. பச்சை நிறம் குளோரோஃபில், அது ஒண்ணும் பண்ணாது, ஆனா கூடவே சொலனின்னு ஒரு நச்சும் அந்த இடத்துல கூடியிருக்கும், வறுக்குற சூட்டுல அது போறதில்ல. ஒண்ணு ரெண்டு துண்டுல ஒண்ணும் ஆகாது, கசந்தா துப்பிடுங்க. வீட்டுல போடும்போது பச்சைப் பகுதியை ஆழமா வெட்டி எறிஞ்சுடுங்க, முளைக்கண்ணையும் தோண்டி எடுத்துடுங்க.

பாக்கெட்ல பாதி காத்துதானே அடைக்கிறாங்க?

அது நைட்ரஜன். ஆக்சிஜன் இருந்தா எண்ணெய் கெட்டு சிக்கு வாடை வந்துடும், உப்பலா அடைக்கலன்னா சிப்ஸும் நொறுங்கிடும். பிரிச்ச உடனே அந்தப் பாதுகாப்பு போச்சு, நம்ம ஊர் ஈரக் காத்துல ஒரு மணி நேரத்துல நமத்துடும். மிச்சம் இருந்தா காத்து புகாத டப்பால போட்டு மூடி, வெளிச்சம் படாம வச்சு ரெண்டு மூணு நாள்ல முடிச்சுடுங்க. நமத்தது மட்டும்னா வெறும் வாணலில சிம்ல ரெண்டு நிமிஷம் புரட்டினா மொறுமொறுப்பு திரும்பிடும். சிக்கு வாடை வந்துடுச்சுன்னா புரட்டியும் பிரயோஜனம் இல்ல, கீழ போட்டுடுங்க.